பச்சைமலைக்கு நடந்தே போகலாமே!

வெளியூர்க்காரர்கள் யாராவது "உங்க பெரம்பலூர்ல என்னப்பா இருக்கு?" என்று கேட்டால் நம்ம பசங்க சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். சின்ன வெங்காயம். கொஞ்சம் யோசித்தால் மக்காச்சோளம், பருத்தி. அரியலூர்க்காரனைக் கேட்டால் சிமெண்ட் ஃபேக்டரி, கங்கைகொண்ட சோழபுரம், அதற்கும் மேலே படித்தவனாக இருந்தால் கடல் இருந்த காலத்துப் புதைபடிவங்கள். "எங்க ஊர்ல மலை இருக்கு" என்று ஒருவர் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

இத்தனைக்கும் மலை ஒளிந்துகொண்டு இல்லை. பெரம்பலூரிலிருந்து துறையூர் பக்கமோ அரும்பாவூர் பக்கமோ பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிறார்கள். நீலமாக நீளமாகப் படுத்திருக்கும். பெயர் பச்சைமலை. சேலம் போகிறவர் ஏற்காட்டைப் பற்றிப் பேசுவார், நாமக்கல் போகிறவர் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிப் பேசுவார். பச்சைமலையைப் பற்றி மட்டும் ஒருவரும் பேச மாட்டார்கள்.

இப்போது சிலர் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் பேசுவது எப்படி என்றால், "பச்சைமலையை ஊட்டி மாதிரி ஆக்கணும்" என்று. எனக்கு இதில்தான் சண்டை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மலையைப் பற்றிக் கொஞ்சம் பாடம் நடத்திவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பச்சைமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரே சுவராக நிற்கும். கிழக்குத் தொடர்ச்சி அப்படியில்லை. உடைத்துப் போட்ட பொரிவிளங்காய் உருண்டை மாதிரி ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சை என்று தனித்தனியாகக் கிடக்கும். பச்சைமலை திருச்சி, பெரம்பலூர், சேலம் என்று மூன்று மாவட்டங்களுக்கும் சொந்தம். மூன்று வீட்டுக்குச் சொந்தமான கிணற்றை யாரும் தூர்வார மாட்டார்கள் என்பது போல, இதையும் எந்த மாவட்டமும் தன்னுடையது என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. உயரம் என்று பார்த்தால் மேலே உள்ள ஊர்கள் பலவும் 500 மீட்டரிலிருந்து 1,000 மீட்டருக்குள் வந்துவிடும்.

அரியலூர் நண்பர்கள் "எங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். அரியலூர் மாவட்டத்தில் மலையே கிடையாது, உண்மைதான். (அந்த மாவட்டமே 2001-ல் பிறந்து, 2002-ல் பெரம்பலூரோடு மறுபடி சேர்க்கப்பட்டு, 2007-ல் திரும்பவும் பிரிந்தது என்பது தனிக்கதை.) ஆனால் மருதையாறு எங்கிருந்து வருகிறது? பச்சைமலைத் தொடரின் சரிவுகளிலிருந்துதான். பெரம்பலூரைக் கடந்து, அரியலூர் மாவட்டத்துக்குள் ஓடி, கொள்ளிடத்தில் போய்ச் சேர்கிறது. மழை பெய்யும்போது மட்டும் ஓடுகிற ஆறுதான். இருந்தாலும் வழியில் உள்ள ஏரிகளையும் கிணறுகளையும் கேட்டுப் பாருங்கள், அந்த மலை யாருக்குச் சம்பந்தம் என்று சொல்லும். கல்லாறும் அப்படித்தான். பச்சைமலைக்கும் செம்மலைக்கும் நடுவே அந்தக் கல்லாற்றை மறித்துத்தான் விசுவக்குடியில் அணை கட்டியிருக்கிறார்கள்.

சரி, இவ்வளவு பக்கத்தில் இருக்கும் மலை ஏன் பெயர் வாங்கவில்லை?

நான் யோசித்தவரை காரணம் ரொம்ப எளிது. தமிழ்நாட்டில் பெயர் வாங்கிய மலைகளில் பெரும்பாலானவை வெள்ளைக்காரனுக்குக் குளிரான மலைகள். ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி ஏறினார், உதகமண்டலம் பிறந்தது. அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயில் தாங்காமல் 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் காப்பிச் செடியை ஏற்காட்டுக்குக் கொண்டுபோனார். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. பச்சைமலை அதில் பாதி கூட இல்லை. துரைக்கு ஸ்வெட்டர் போடும் அளவுக்குக் குளிரவில்லை, அதனால் துரை வரவில்லை. துரை வராததால் ரயில் வரவில்லை, ஏரியில் படகு வரவில்லை, நமக்கும் அது மலையாகவே தெரியவில்லை. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருஷம் ஆன பிறகும் எது பார்க்க வேண்டிய மலை என்பதை அவன் போட்ட பட்டியலை வைத்துத்தான் முடிவு செய்துகொண்டிருக்கிறோம்!

ஆனால் அந்த மலையை ஊராக நினைத்து வாழ்ந்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். மலையாளி என்று பெயர். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் மலையை ஆள்கிறவர்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனான் என்பது மலைக்கு மலை மாறும். பச்சைமலையில் வண்ணாடு, தென்புறநாடு, கோம்பை என்று நாடு நாடாகப் பிரித்து வாழ்கிறார்கள். சாமை, தினை, குச்சிக்கிழங்கு, பலா, புளி, முந்திரி, இவைதான் வாழ்க்கை. அடிவாரத்தில் வேப்பந்தட்டை பக்கம் மலையாளப்பட்டி என்று ஒரு ஊர் இருக்கிறதே, அந்தப் பெயரைப் பஸ் போர்டில் பார்க்கும்போது ஏதாவது தோன்றியிருக்கிறதா உங்களுக்கு?

என்னோடு படிக்கும் நண்பன் ஒருவன் அந்த மலைக்காரன். (பெயர் போடக்கூடாது என்று உத்தரவு.) பலாப்பழ சீசனில் எங்கள் மூன்று பேரை வீட்டுக்குக் கூப்பிட்டான். "பஸ்ஸா, பைக்கா?" என்று கேட்டோம். "நடந்து வாங்கடா, அப்பா அடிவாரத்துக்கு வந்து கூட்டிட்டுப் போவாரு" என்றான்.

அடிவாரத்தில் வெங்காயப் பட்டறைகளும் மக்காச்சோளக் காடும் முடிகிற இடத்தில் ஒற்றையடிப் பாதை ஆரம்பிக்கிறது. முதல் அரை மணி நேரம் கள்ளியும் முள்ளுமாக, வெயில் மண்டையைப் பிளக்கிறது. அப்புறம் மெதுவாக மரங்கள் நெருங்குகின்றன, நிழல் வருகிறது, காற்று மாறுகிறது. பாதையில் ஏற்றம் கடுமையான இடத்தில் எல்லாம் யாரோ கல்லைப் படி மாதிரி பதித்து வைத்திருக்கிறார்கள். இடுப்பளவு உயரத்தில் தட்டையான கல் ஒன்று வரும். எதற்கு என்று அவன் அப்பாவிடம் கேட்டேன். "சுமையை இறக்கி வைக்கத்தான் தம்பி. கீழ வெச்சா மறுபடி தலைக்கு ஏத்த ஆள் வேணுமில்ல?" என்றார். அந்தக் காலத்தில் தலையில் சும்மாடு கட்டிப் புளியும் பலாவும் சுமந்து சந்தைக்கு இறங்கி, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு அதே நாளில் திரும்பி ஏறுவார்களாம். நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியதும் இதே பாதையில்தான்.

மலையேற்றக்காரர்கள் மத்தியில் நெய்ஸ்மித் விதி என்று ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்னது. மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அந்தக் கணக்கைவிட ஒரு மணி நேரம் பின்தங்கினோம். நண்பனின் அம்மா எங்களுக்குப் பின்னால் கிளம்பி, தலையில் அரிசிப் பையோடு, எங்களைத் தாண்டிப் போய், நாங்கள் போய்ச் சேரும்போது சோறு வடித்து வைத்திருந்தார். நெய்ஸ்மித் அவரைப் பார்த்திருந்தால் விதியைத் திருத்தி எழுதியிருப்பார்.

பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளி. அந்தப் பாறை 250 கோடி வருஷத்துக்கும் மேல் பழைய காலத்தது. தூரத்தில் தெரியும் சமவெளியோ சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன் கடலடி. காரை, ஊட்டத்தூர், அரியலூர் எல்லாம் தண்ணீருக்குள் இருந்த காலம். ஹென்றி பிளான்ஃபோர்ட் 1862-லேயே இந்தப் பாறை அடுக்குகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடித்தார். இதையெல்லாம் புத்தகத்தில் படித்தால் தலையில் ஏறாது. மூச்சு வாங்கிக்கொண்டு அந்தப் பாறையில் உட்கார்ந்து பார்க்கும்போது, நாம் ஒரு பழைய கரையின் மேட்டு நிலத்தில் இருக்கிறோம், அது கடல் என்று சட்டென்று புரிகிறது. காரில் போனால் அந்த வளைவில் செல்ஃபி எடுத்துவிட்டு அடுத்த வளைவுக்குப் போயிருப்போம்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எங்களில் ஒருவன் "செம டிரெக்கிங் மச்சி" என்றான். நண்பன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "உனக்கு டிரெக்கிங். எனக்கு இது பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழி."

நான் சொல்ல வருவது முழுக்க இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

மலைக்கு ரோடு வேண்டுமா? கண்டிப்பாக வேண்டும். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணைத் தூளியில் தூக்கி இறக்கும் "இயற்கை அழகு" யாருக்கும் வேண்டாம். பஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அவர்களுடைய உரிமை. துறையூரிலிருந்து சோபனாபுரம் வழியாக டாப் செங்காட்டுப்பட்டிக்கு ரோடு போகிறது, நல்ல விஷயம். ஆனால் அந்த ரோடு மலையில் இருப்பவர்கள் கீழே வருவதற்கு. கீழே இருக்கும் நாம் காரில் கும்பலாக மேலே போய் "போட்டிங் இல்லையா, ரெசார்ட் இல்லையா" என்று கேட்பதற்கு இல்லை.

ஊட்டி மாதிரி ஆக்க வேண்டும் என்பவர்கள் ஊட்டிக்கு இப்போது என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கூட்டம் தாங்காமல், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு போட்டார்கள். வரம்பு போட்ட பிறகே இத்தனை ஆயிரம்! இதில் பத்தில் ஒரு பங்கு வண்டி வந்தால் பச்சைமலையின் குறுகிய ரோடும் சின்னச் சின்ன ஓடைகளும் என்ன ஆகும்?

"அப்போ யாருக்கும் தெரியாமலே இருக்கட்டும், விட்டுடு" என்பார்கள் சிலர். அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரியாமல் இருக்கும் இடம் பத்திரமாக இருக்கும் என்பது மூடநம்பிக்கை. அருவிப் பக்கம் போய்ப் பாருங்கள், உடைந்த பாட்டிலும் பிரியாணிப் பொட்டலமும் கிடக்கும். பைக்கில் வருகிறவர்கள் சாப்பாட்டையும் சரக்கையும் கீழேயே வாங்கிக்கொண்டு வருகிறார்கள். மலையில் ஒரு டீ கூடக் குடிப்பதில்லை. மலைக்குக் கிடைப்பது குப்பை மட்டும். நடந்து வருகிறவன் கதை வேறு. அவனுக்கு வழி காட்ட ஆள் வேண்டும், மதியம் சாப்பாடு வேண்டும், சில நேரம் இரவு தங்க இடம் வேண்டும். அந்தக் காசு மலையிலேயே இறங்கும். நாலு கிலோமீட்டர் மூச்சு வாங்க ஏறி வந்து பாட்டில் உடைக்கிறவன் அபூர்வம்.

இன்னொரு விஷயம். பாதை என்பது கால் பட்டால்தான் உயிரோடு இருக்கும். ரோடு வந்த பிறகு அந்த ஒற்றையடிப் பாதையில் நடப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று நண்பனின் அப்பா சொன்னார். சில இடங்களில் முள் மூடிவிட்டது, அவர் அரிவாளோடுதான் வந்தார். இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் போனால் அந்தச் சுமைதாங்கிக் கல் எதற்கு என்று சொல்ல ஆள் இருக்காது. கோட்டையும் கோயிலும் என்றால் தொல்லியல் துறை போர்டு வைக்கும். சுமை தூக்கிய மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கல் பதித்துப் போட்ட பாதைக்கு யார் போர்டு வைப்பார்கள்?

அதற்காக "கிளம்புங்கடா" என்று நாளைக்கே நாலு பேர் சேர்ந்து மலை ஏறிவிடாதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம் உயிர். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மாட்டி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்துவிட முடியாது. பெரும்பாலும் நம்மைப் போன்ற இளைஞர்கள், ஐ.டி. வேலை பார்ப்பவர்கள். கோடையில் காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் ஓட இடம் கிடையாது. நாங்கள் போனது ஒரு வீட்டுக்கு விருந்தாளியாக, அந்த வீட்டுக்காரரின் கூட. அவர் இல்லையென்றால் முதல் பிரிவிலேயே வழி தவறியிருப்போம்.

குரங்கணிக்குப் பிறகு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் "டிரெக் தமிழ்நாடு" என்று வனத்துறை மூலம் ஒரு திட்டமும் வந்தது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். ஆன்லைனில் பதிவு செய்யலாம், பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள், பழங்குடி இளைஞர்கள் உட்பட, வழிகாட்டியாக வருகிறார்கள். உண்மையிலேயே நல்ல திட்டம். ஆனால் அறிவித்த அந்த நாற்பதில் நீலகிரிக்கு மட்டும் பத்து, கோயம்புத்தூருக்கு ஏழு. பெரம்பலூர், அரியலூர், திருச்சி மூன்றுக்கும் சேர்த்து ஒன்று கூட இல்லை. சல்லிவன் போட்ட பட்டியல் இன்னும் நம்மை விடவில்லை பாருங்கள்!

இங்கிலாந்தில் 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து கிண்டர் ஸ்கௌட் என்ற மலை மீது தடையை மீறி ஏறினார்கள். அது பணக்காரர்கள் பறவை வேட்டையாட வைத்திருந்த மலை, மற்றவர்கள் கால் வைக்கக்கூடாது. சிலர் சிறைக்குப் போனார்கள். பின்னாளில் அந்த நாட்டில் தேசியப் பூங்காக்களும் (1949), திறந்த வெளிகளில் நடக்கும் உரிமைச் சட்டமும் (2000) வந்ததற்கு அந்த நடை ஒரு முக்கியமான தொடக்கம் என்கிறார்கள். இதைப் படித்ததும் "ஆஹா, நாமும் அப்படி ஏறலாமே" என்று தோன்றும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே தடுத்தவன் ஜமீன்தார். இங்கே மலையில் இருப்பவர்கள் கூலிக்காகக் கேரளாவுக்கும் திருப்பூருக்கும் போய் வருகிறவர்கள். இந்த மலையில் நடக்கும் உரிமை முதலில் அவர்களுக்கு. 2006-ன் வன உரிமைச் சட்டம் கிராமசபைக்குக் கொடுத்திருக்கும் இடமும் அதைத்தான் சொல்கிறது. நமக்கு வேண்டியது அழைப்பு. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே என் யோசனைகள்:

1. பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பழைய பாதையை அந்தத் திட்டத்தில் சேர்க்கட்டும். ஒன்று போதும். எந்தப் பாதை, எந்த ஊர் வழியாக என்பதை மலையிலுள்ள கிராமசபைகள் முடிவு செய்யட்டும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

2. வழிகாட்டி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் மலைக்காரர்களுடையதாக இருக்கட்டும். ரெசார்ட் முதலாளிக்கு நிலம் கைமாறக் கூடாது.

3. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு. தீப்பிடிக்கும் மாதங்களில் பாதை மூடல். இதில் சமரசமே கூடாது.

4. மேலே கொண்டுபோன பிளாஸ்டிக்கை எண்ணிக் கீழே கொண்டுவர வேண்டும்.

5. பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் டூரிஸ்ட் வருவதற்காக வரக்கூடாது. அவை ஏற்கனவே அவர்களுக்குச் சேர வேண்டியவை.

"நடக்க முடியாத வயசானவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்பீர்கள். அவர்களுக்குப் பஸ் இருக்கிறது, மலைக்காரர்களோடு பஸ்ஸில் போகட்டும், அதுவும் நல்ல பயணம்தான். நான் பேசுவது நம்மைப் பற்றி. இருபது வயசில் பைக் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக் கூடப் போகாத நம்மைப் பற்றி.

நம் கல்லூரிகளில் வருஷா வருஷம் இன்டஸ்ட்ரியல் விசிட் என்ற பெயரில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பஸ் கிளம்புகிறது. விவரம் தெரிந்த ஒருவர் துணையோடு, முறையான அனுமதியோடு, ஒரே ஒரு தடவை பச்சைமலைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி உங்கள் துறைத் தலைவரிடம் கேட்டுப் பாருங்களேன். செலவு பஸ் டிக்கெட்டும் ஒரு மதியச் சாப்பாடும்தான். சாமைச் சோறும் பலாச்சுளையும் கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

கேட்கும்போது "டிரெக்கிங்" என்று சொல்ல வேண்டாம். "எங்க பக்கத்து ஊருக்கு நடந்து போயிட்டு வரோம் சார்" என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை.